டியூப் சுற்றிய கைப்பிடி

காலை ஏழே முக்காலுக்கெல்லாம் மகேஸ்வரி டூல் ரூம் பூட்டைத் திறந்துவிடுவாள். எட்டு மணிக்குத்தான் ஆட்கள் வருவார்கள். அந்தக் கால்மணி நேரத்தில், கையில் பிடித்துத் தேய்க்கிற பத்தொன்பது கிரைண்டிங் மிஷின்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, டிஸ்க் மாட்டாமல் பிளக்கில் சொருகி, சுவிட்சைத் தள்ளி, மனசுக்குள் ஐந்து வரை எண்ணுவாள். பேரிங் காய்ந்திருந்தால் ஒரு சத்தம் வரும். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் வேறு சத்தம். காற்றுத் துளையில் இரும்புத்தூள் அடைத்திருந்தால் மூச்சு வாங்குகிற மாதிரி ஒன்று. ஐந்து எண்ணி முடிப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். சரியானவை கம்பிவலை ஜன்னல் பக்கம் அடுக்கப்படும். சந்தேகத்துக்கு உரியவை மேசைக்கு அடியில் போகும்.

கடலூர் சிப்காட்டில், ஆலைகளுக்கு எவர்சில்வர் தொட்டி செய்துகொடுக்கிற பட்டறை அது. தகட்டை உருட்டி, விளிம்புகளைப் பற்றவைத்து, பற்றவைத்த இடம் விரலுக்குத் தட்டாத அளவுக்குத் தேய்த்து மட்டமாக்க வேண்டும். தேய்க்கிற வேலைதான் பட்டறையில் பாதி வேலை. தேய்க்கிற மிஷின் சரியாக இருப்பது மகேஸ்வரி கையில் இருந்தது.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவள் அங்கே பெருக்குகிற வேலைக்குத்தான் வந்தாள். ராசாப்பேட்டையிலிருந்து நடந்தே வந்துவிடலாம் என்பதைத் தவிர அந்த வேலையில் அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை. தினமும் கூட்டிய குப்பையில் தேய்ந்துபோன கார்பன் பிரஷ்கள் கிடந்தன. ஒரு நகத்தளவு கரிக்கட்டி. அவற்றைத் தூக்கிப் போடாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்தாள். கொஞ்ச நாளில், சில கட்டிகள் நேராகவும் சில சாய்வாகவும் தேய்ந்திருப்பதைக் கண்டாள். சாய்வாகத் தேய்ந்தவை எல்லாம் இரண்டே இரண்டு மிஷின்களிலிருந்து வந்தவை. அப்போதிருந்த போர்மேனிடம் சொன்னாள். அவர் சிரித்தார். ஆனாலும் கழித்துப் போட்டிருந்த ஒரு மிஷினைக் கொடுத்து, "இந்தா, புடிச்சிப் பாரு" என்றார்.

வீட்டுக்கு எடுத்துப்போய் முறத்தில் பிரித்தாள். கருவாடு காயவைக்கிற ஒழுங்கில், கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே பரப்பினாள். திரும்பிச் சேர்க்க மூன்று நாள் ஆனது. நாலாவது நாள் மிஷின் ஓடியது. அடுத்த வருஷம் டூல் ரூம் சாவி அவளிடம் வந்தது. புத்தகம் படித்துக் கற்றதில்லை. கெட்டுப்போனது எதனால் கெட்டது என்று தெரியும்வரை அதை விடமாட்டாள், அவ்வளவுதான்.

அவளுடைய பெயர் பக்கத்துப் பட்டறைகள் வரைக்கும் போனதற்குக் காரணம் டியூப். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், தேய்க்கிறவர்களில் வயதில் சின்னவனான இளவரசு ஜன்னலுக்கு வந்து கையை உதறினான்.

"ஊட்டுக்குப் போயி படுத்தாகூட கை உறுமிக்கினே கெடக்குதுக்கா. எம் பொண்டாட்டி, மிஷின ஆப் பண்ணிட்டுப் படு மாமாங்கிறா."

மகேஸ்வரி காரைக்காட்டில் பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப்கள் வாங்கினாள். பட்டையாக நறுக்கி, கைப்பிடியிலும் மிஷினின் பிடிக்கிற பகுதியிலும் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றினாள். காற்றுத் துளைகளை மட்டும் விட்டுவிட்டாள். பிடித்துப் பார்த்த இளவரசு, "பஞ்சு மெத்தையாட்டம் இருக்குதுக்கா" என்றான். ஒரே வாரத்தில் பத்தொன்பது மிஷினும் கறுப்பு டியூப் போட்டுக்கொண்டன. அதற்குப் பிறகு கை உறுமுகிறது என்று யாரும் வந்து நிற்கவில்லை. எதிர்ப் பட்டறையிலிருந்து ஆள் அனுப்பி, எப்படிச் சுற்றுவது என்று கேட்டுப் போனார்கள். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு டூல் ரூம் கதவுக்கும் சந்தனம் வைத்தார்கள்.

ஆயுத பூஜை என்றதும் அந்தப் பட்டறையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மிஷினுக்கும் வெள்ளை பெயிண்டில் நம்பர் உண்டு. கம்பெனி சொத்துதான் என்றாலும் ஒரு நம்பரைப் பல வருஷம் பிடித்தவனுக்கு அது சொந்தம். அவன்தான் அதற்குப் பொட்டு வைப்பான். அவனைக் கேட்காமல் வேறு ஆள் தொடக்கூடாது. மிஷின் மேசைக்கு அடியில் போனால், அது வெளியே வரும்வரை அவன் டூல் ரூமைச் சுற்றிச் சுற்றி வருவான். வேறு மிஷினை வாங்கிக்கொண்டு போவது கௌரவக் குறைவு.

ஏழாம் நம்பர் உத்திராபதியுடையது. இருபத்திரண்டு வருஷமாகச் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். புவனகிரிப் பக்கம் நெல் விளைவித்த குடும்பம். பட்டறையில் யார் தேய்த்த இடத்தையும் கடைசியில் அவர் விரல் ஒருமுறை தடவிப் பார்க்கும். அவர் தலையசைத்தால்தான் தொட்டி வண்டியேறும்.

கார்த்திகை கடைசியிலிருந்தே மகேஸ்வரி அவரைக் கவனித்தாள். இத்தனை வருஷமும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வருகிறவர், கழுத்து வழியாக மாட்டிக்கொள்கிற பனியன் சட்டையில் வந்தார். டீ டம்ளரைக் விளிம்பைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடித்தார்.

"இன்னா மாமா, வயசு திரும்புதா? காலேஜ் பையன் கணக்கா வர்ற!" என்று இளவரசு சீண்டினான்.

"உனுக்கு இன்னாடா வயித்தெரிச்சல்?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். மகேஸ்வரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள்.

மார்கழியில் ஒரு நாள், விடிந்தும் வெளுக்காத மழை. பெண்ணாடம் பக்கத்து ஆலை ஒன்றுக்கு ஆறு பெரிய தொட்டிகளுக்கு வேலை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது தொட்டியின் மேல் விளிம்பை, ஸ்டூல் மேல் ஏறி, தோளுக்கு மேல் கையைத் தூக்கித் தேய்த்துக்கொண்டிருந்தார் உத்திராபதி. ஓடிக்கொண்டிருந்த மிஷின் அவர் கையைவிட்டு நழுவியது. சிமெண்ட் தரையில் விழுந்து, தீப்பொறி கக்கிக்கொண்டே சறுக்கிப்போய் இளவரசுவின் பூட்ஸ் முனையைச் சீவியது. மகேஸ்வரி ஓடிப்போய் மெயினை இறக்கினாள்.

பூட்ஸின் தோல் மட்டும்தான் போயிருந்தது. கால்விரல் தப்பியது. இளவரசு வெளுத்துப்போய் நின்றான். உத்திராபதி ஸ்டூலைவிட்டு இறங்காமல் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு விரலும் நடுக்கணு வரைக்கும் மெழுகு மாதிரி வெள்ளையாக இருந்தன.

"எத்தினி நாளாண்ணே இப்பிடி?" என்று கேட்டாள் மகேஸ்வரி.

"குளிருக்கு" என்றார். ஸ்டூலைவிட்டு இறங்கிக்கொண்டே, "போன மார்கழிலேந்து" என்றார்.

அன்று போனவர் திரும்பி வரவில்லை. நாலு நாள் கழித்து மகேஸ்வரி போன் போட்டாள். அவர் மனைவி அமிர்தம் எடுத்தாள்.

"டாக்டரு பாத்துட்டாரும்மா. அந்த மிஷின் உதறி உதறி ரத்தக்கொழாயும் நரம்பும் கெட்டிருக்குதாம். இப்ப நிறுத்துனா இதோட நிக்கும், கொஞ்சம் திரும்பிக்கூட வரும், உட்டா வெரலே போயிரும்னு சொல்லிட்டாரு. மூணு மாசம் தொடக்கூடாதாம். உங்க போர்மேன் சாரு கேட்டுல வாட்ச்மேனா உக்கார வைக்கிறேன்னாரு. இவுரு கேட்டாத்தான? எங்கண்ணன் கடையில மூட்ட எறக்கப் போறேங்கிறாரு. பொத்தான் மாட்ட முடியாத கையி, மூட்டைய எப்பிடிம்மா தூக்கும்?"

போனை வைத்துவிட்டு மகேஸ்வரி மேசைக்கு அடியிலிருந்து ஏழாம் நம்பரை எடுத்தாள். உதறி உதறி என்ற வார்த்தை அவளை விடவில்லை. மிஷின் விழுந்த அன்று காலையிலும் அதை ஓட்டி, ஐந்து எண்ணி, ஜன்னல் பக்கம் வைத்தது அவள்தான்.

முறத்தில் வைத்துப் பிரித்தாள். பேரிங்கில் குறையில்லை. பிரஷ் பாதிக்கு மேல் இருந்தது. பற்சக்கரத்தில் கிரீஸ் இருந்தது. கடைசியாக, டிஸ்க்கைத் தாங்குகிற தண்டைக் கழற்றிக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து உருட்டினாள். தண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தது. மயிரிழை வளைந்திருந்தது.

போர்மேன் ஜெயப்பிரகாஷ் வந்து எட்டிப் பார்த்தார். முப்பத்து நாலு வயது, டிப்ளமோ. மகேஸ்வரிமேல் மரியாதை உள்ளவர்.

"அது அன்னிக்கு உழுந்தப்ப வளைஞ்சிருக்கும்க்கா."

"இல்ல சார். இதப் பாருங்க." டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கிற வட்டத் தட்டை நீட்டினாள். அதன் ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவத்தில் தேய்ந்து பளபளத்தது. "ஒரே நாள்ல உழுந்து இப்பிடித் தேயாது. ரெண்டு வருஷத்துக்கு முன்ன சாரத்துலேந்து ஒருக்கா உழுந்திச்சு. டிஸ்க்க மூடுற கார்டு ஒடைஞ்சிது, நாந்தான் மாத்திக் குடுத்தேன். தண்டப் பாக்கல."

"தெனம் ஓட்டிப் பாக்கறீங்களேக்கா."

"டிஸ்க் இல்லாம ஓட்டுறேன் சார். தண்டு மட்டும் சுத்துனா ஒண்ணும் தெரியாது. டிஸ்க் மாட்டுனாத்தான் ஆடும். ஆடுறதப் புடிச்சிருக்கறவன் சொல்லணும். அவுரு சொல்லல."

"அதத்தான் சொல்றேன். அவுரு சொல்லாம உட்டதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?"

மகேஸ்வரி கழற்றி வைத்திருந்த கைப்பிடியைப் பார்த்தாள். இரண்டு சுற்று டியூப். அதை எடுத்துப் பிடித்தாள். பிறகு கத்தியால் டியூபைக் கிழித்து எறிந்துவிட்டு, வெறும் கைப்பிடியைப் பிடித்தாள். டியூபோடு பிடித்தபோது விரல்கள் முழுசாகச் சுற்றி வரவில்லை. பருத்த பிடியை நழுவாமல் வைத்திருக்கக் கை கூடுதலாக இறுக்க வேண்டியிருந்தது. எட்டு மணி நேரம், நாலு வருஷம் அப்படி இறுக்கியிருக்கிறார்கள். ஆட்டமும் உள்ளங்கைக்கு எட்டாமல் ரப்பரில் மறைந்துவிட்டது. தோலுக்குத் தெரியாமல் எலும்புக்குப் போயிருக்கிறது. குறை சொல்ல ஆள் வராததை, குறை இல்லை என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் சுத்துன டியூபு சார்" என்றாள். "அதுதான் அவுரு வாயக் கட்டிப்போட்டிருக்குது."

ஜெயப்பிரகாஷ் கதவுப்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யாரும் உங்களக் கேக்கலையேக்கா. ஏன் நீங்களா தலையில போட்டுக்கறீங்க?"

"இன்னும் பதினெட்டு இருக்குது சார். அதுல எதெது இப்பிடியோ."

அதுதான் அவளை அன்று தூங்கவிடவில்லை. தண்டைக் கழற்றாமல், பத்தொன்பதையும் தினமும் சோதிக்க ஒரு வழி வேண்டும். கையால் பிடித்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. அவள் கைக்குத் தாங்குவது இன்னொருவர் கைக்குத் தாங்காது. அதிர்வை அளக்கிற கருவி இருக்கிறதாம், ஆபீஸில் கேட்டு வருவதற்குள் தொட்டி ஆறும் போய்விடும்.

மறுநாள் சாயங்காலம் வீட்டில் உப்புமாவுக்கு ரவையை வறுத்துத் தட்டில் கொட்டிவிட்டு, அதே மேடையில் மிக்ஸியில் தேங்காய் அரைத்தாள். கடலுக்குப் போய்வந்து வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்த கணவன் பாண்டியன் நிமிர்ந்து பார்த்தான். மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. தேங்காய் எப்போதோ மசிந்துவிட்டது. மகேஸ்வரி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டில் ரவை கும்பலாகச் சேர்ந்து, கோடு கோடாக ஊர்ந்து, விளிம்பு தாண்டி மேடையில் கொட்டியது.

"ஏய், இன்னா உப்புமா ரவைய கீழ கொட்டிக்கினு நிக்கிற?"

"கொட்டட்டும்" என்றாள். மிக்ஸியை நிறுத்தினாள். ஜாரைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓட்டினாள். ரவை சும்மா இருந்தது. ஜாரை மாட்டி ஓட்டினாள். ஊர்ந்தது. பாண்டியன் அன்று ராத்திரி சோறு வாங்கிவர ஓட்டலுக்குப் போனான்.

அடுத்த நாள் காலையில் ஆறரைக்கே போய்விட்டாள். மேசையில் நீளப் பலகை ஒன்றைப் போட்டு, ஒரு முனையில் மிஷினை இறுக்கிப் பூட்டினாள். கார்டு மாட்டி, புது டிஸ்க் மாட்டினாள். மறு முனையில் எவர்சில்வர் தட்டு, அதில் ஒரு கைப்பிடி ரவை. பழசுக்குப் பதிலாகப் புதிதாக வந்த பத்தொன்பதாம் நம்பரை முதலில் ஓட்டினாள். ரவை லேசாகச் சிலிர்த்தது, இடம் விட்டு நகரவில்லை. அதுதான் கணக்கு என்று வைத்துக்கொண்டாள். பத்து எண்ணுவதற்குள் ரவை விளிம்புக்குப் போனால் அந்த மிஷின் வெளியே போகக்கூடாது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை ஓட்டினாள். எட்டு மணிக்கு ஆட்கள் வந்தபோது, ஏழாம் நம்பரோடு சேர்த்து ஐந்து மிஷின்கள் மேசைக்கு அடியில் இருந்தன. மீதிப் பதினாலிலும் டியூப் இல்லை.

ஜன்னலில் ஒரே சத்தம்.

"இன்னாக்கா இது, அம்மணமா குடுக்குற?"

"பஞ்சு மெத்தையப் புடுங்கிக்கினு கட்டாந்தரையில படுக்கச் சொல்றியா?"

"என்னோட ரெண்டாம் நம்பரு எங்கக்கா? பதினஞ்சு வருஷமா நான் பொட்டு வெக்கிற மிஷினு!"

இளவரசு மட்டும் ரவைத் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "கேசரியா கிச்சடியா?" என்றான். மகேஸ்வரி அவனை உள்ளே கூப்பிட்டாள். ஏழாம் நம்பரை ஓட்டிக் காட்டினாள். ஐந்து எண்ணுவதற்குள் தட்டில் பாதி காலி. "இதத்தான் அவுரு ரெண்டு வருஷமா புடிச்சிருந்தாரு" என்றாள். இளவரசு தன் பூட்ஸ் முனையைப் பார்த்தான். வெளியே போய், பதினோராம் நம்பரை வெறும் கைப்பிடியோடு வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் நின்ற மற்றவர்களும் முனகிக்கொண்டே வாங்கினார்கள்.

ஜெயப்பிரகாஷுக்குத்தான் தாங்கவில்லை. "அஞ்சு மிஷினு இல்லாம ஆறு தொட்டிய எப்பிடிக்கா தள்றது? தண்டு வர்ற வரைக்கும் அத குடுங்க. ஒரு வாரந்தான?"

"தரமாட்டேன் சார்."

"நான் எழுதிக் குடுத்தா?"

"சாவிய வாங்கிக்கினு நீங்களே எடுத்துக் குடுங்க."

அவர் சாவியை வாங்கவில்லை. கோபமாகத்தான் போனார். மத்தியானம் அவராகவே திரும்பி வந்து, தொட்டிகள் நின்ற இடத்தில் மகேஸ்வரியோடு நின்றார். அவள் கையை நீட்டி, மேல் விளிம்பைக் காட்டினாள். ஒருவன் ஸ்டூலில் ஏறித் தலைக்கு மேல் கையைத் தூக்கியிருந்தான். அடி விளிம்பில் ஒருவன் குத்தங்காலிட்டுக் குனிந்திருந்தான்.

"மூணு கிலோ மிஷின இப்பிடித் தூக்கிக்கினு நிக்க முடியுமா சார்? பத்து நிமிஷம் நில்லுங்க பாப்பம். வேல மனுசன் இருக்கற எடத்துக்கு வரணும். பின்னாடி கெடக்குதே ஒரு உருள, அது இன்னாத்துக்கு?"

பட்டறைக்குப் பின்னால் நாயுருவி முளைத்துக் கிடந்தது தொட்டி உருட்டுகிற சட்டம். நாலு உருளை, ஒரு மோட்டார். உருளை இறுகிப்போனதால் எப்போதோ தள்ளி வைத்தது. இரண்டு நாளில் அவளும் இளவரசுவும் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துப் பிரித்து, பேரிங் மாற்றி, கிரீஸ் வைத்து உள்ளே கொண்டுவந்தார்கள். தொட்டியைப் படுக்கவைத்து உருட்டினால், தேய்க்க வேண்டிய இடம் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது. முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து, மிஷினின் கனத்தைத் தொட்டியே தாங்கும்படி விட்டு, கையால் வழி மட்டும் காட்டினால் போதும். பிடி தளர்வாக இருந்தாலே ஓடியது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்றினார்கள். பதினாலு மிஷின்தான் என்றாலும் மூன்றாவது தொட்டி, முந்தைய தொட்டியைவிட ஒரு நாள் முன்னதாக முடிந்தது. ஜெயப்பிரகாஷ் புதுத் தண்டு கேட்டு எழுதியிருந்த கடிதத்தை அன்றே ஆள் மூலம் அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகேஸ்வரி ஏழாம் நம்பரை உரச்சாக்கில் போட்டு, பலகையையும் கட்டிக்கொண்டு, சிதம்பரம் பஸ் ஏறினாள். தரிசனக் கூட்டம். புதுச்சத்திரம் வரை நின்றுகொண்டே போனாள். மூட்டையில் என்ன என்று கேட்ட கண்டக்டரிடம், "நோயாளி" என்றாள்.

உத்திராபதி வீடு ஓமக்குளம் பக்கம். வாசலில் நின்றிருந்த அமிர்தம் அவளையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வாம்மா. இன்னா, எங்க ஊட்டுக்காரரு வரலேன்னு மிஷினே தேடிக்கினு வந்துடுச்சா?"

உத்திராபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில், ஒரு துண்டுக்குள். மகேஸ்வரி ஒன்றும் விளக்காமல் பலகையைப் போட்டு, மிஷினைப் பூட்டி, அமிர்தத்திடம் ஒரு தட்டும் ரவையும் கேட்டாள். டியூப் சுற்றாத ஏழாம் நம்பர் ஓடியது. ரவை தட்டைவிட்டுத் தரையில் கொட்டியது. நிறுத்திக் கழற்றி, வளைந்த தண்டையும் பிறையாகத் தேய்ந்த தட்டையும் காட்டினாள்.

"நான் பாக்காம உட்டுட்டேண்ணே. டியூபச் சுத்தி, உங்களுக்குத் தெரியாமயும் பண்ணிட்டேன். அத சொல்லத்தான் வந்தேன்."

அவர் தரையில் சிந்திய ரவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தெரியாமன்னு சொல்லாத" என்றார்.

"இன்னாண்ணே?"

"எனக்குத் தெரியும். சாரத்துலேந்து உழுந்த மறுநாளே தெரியும், டிஸ்க்கு ஒரு பக்கமா தேயறது. உன்னாண்ட குடுத்தா அடியில போட்டுடுவ. அப்புறம் வேற நம்பர வாங்கணும். எல்லாப் பயலும் பாப்பான். இருவது வருஷமா வெச்சிருந்த மிஷினு…" நிறுத்தினார். "உன் டியூபு இருந்திச்சா, ஓட்டிக்கலாம்னு உட்டுட்டேன்."

அமிர்தம் தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டியாம்மா? பொண்டாட்டி மாத்திரை குடுத்தா ஒத்துக்கல. மிஷினு மேல இன்னா ஒரு இது!"

"நீ சும்மா இரு."

"நான் இருக்கேன். கைய இருக்கச் சொல்லு."

மகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு அவள் தொட்டி உருளையைப் பற்றிச் சொன்னாள். இடுப்பு உயரத்தில் விளிம்பு வந்து நிற்பதை, முழங்கையை ஒட்டிவைப்பதை, இருபது நிமிஷக் கணக்கை. அவர் முதலில் வேறு எங்கேயோ பார்த்தபடி கேட்டார். உருளை என்றதும் முகம் திரும்பியது.

"எந்த உருள? பின்னாடி கெடந்ததா? அதுல எடது பக்கத்து ரெண்டாவது எப்பவும் இறுகுமே."

"அதேதான். பேரிங் மாத்திட்டேன்."

"தொட்டிய வேகமா உருட்டினா தேயறது அலையடிக்கும். யாரு தடவிப் பாக்குறா?"

"யாரும் இல்லண்ணே. அதுக்குத்தான் ஆள் இல்ல."

அவர் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்தார். வீட்டுக்குள் கதகதப்பாக இருந்ததால் நிறம் வந்திருந்தது. ஆள்காட்டி விரலை மேசை விளிம்பில் வைத்து மெதுவாகத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை, திறந்துகொண்டு ஒரு தடவை.

"இதுல கொஞ்சம் தெரியுது. நடுவெரல்ல தெரியல" என்றார். "கேட்டுல உக்கார மாட்டேன், சொல்லிட்டேன்."

"கேட்டுக்கு யாரு கூப்புட்டா? மூணு மாசம் மிஷினத் தொடாதீங்க. தடவிப் பாருங்க, சாக்பீஸ்ல குறி போடுங்க. டாக்டரு சரின்னா அப்புறம் பாத்துக்கலாம். சார்கிட்ட பேசிட்டுத்தான் வந்திருக்கேன்."

"அவுரு ஒத்துக்கிட்டாரா?"

"குறி போடற ஆளு இல்லாம ரெண்டு தொட்டி திரும்பி வந்தா ஒத்துப்பாரு."

"அப்ப இன்னும் ஒத்துக்கல."

"இல்ல" என்றாள் மகேஸ்வரி.

உத்திராபதி அப்போது சரி என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார். உரச்சாக்கைத் தூக்கக் கை நீட்டினார், அவள் தரவில்லை. பஸ் கிளம்பும்போது, "பீடிய உடச் சொல்றாரு டாக்டரு. அதுதான் பெரும்பாடா இருக்குது" என்றார்.

பொங்கல் கழித்து வந்தார். கையுறை போட்டு, அதற்குமேல் அமிர்தம் பின்னிக் கொடுத்த கம்பளி உறை போட்டு வந்தார். இளவரசு அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு அடக்கினான். அரை மணி நேரம்தான் அடக்க முடிந்தது. "மாமா, ஊட்டிக்கு டிக்கெட் போட்டுட்டியா?" அவர் சாக்பீஸை அவன்மேல் எறிந்தார். குறி தவறவில்லை.

எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இடது நடுவிரல் இன்றைக்கும் காலையில் மரத்துத்தான் இருக்கிறது. அதனால் வலது கையால் தடவிப் பார்க்கப் பழகினார். முதல் வாரம் இரண்டு இடம் விட்டுப்போனது, தானே கண்டுபிடித்துத் தொட்டியை நிறுத்தச் சொன்னார். ஆறாவது தொட்டி ஆலைக்குப் போய், ஒரு புகாரும் வரவில்லை. ஜெயப்பிரகாஷ் வருகைப் பதிவில் அவர் பெயருக்கு நேராகச் சோதனை என்று எழுதினார். பங்குனியில் டாக்டர் விரல்களைக் குளிர்ந்த நீரில் வைத்துப் பார்த்து, மேலே ஏறவில்லை, குறைந்திருக்கிறது என்றார். நாளைக்கு ஒரு மணி நேரம், அதுவும் விட்டு விட்டு என்று அனுமதி கொடுத்தார்.

அன்று மகேஸ்வரி அவருக்குக் கொடுத்தது பதினெட்டாம் நம்பர். அதற்கு யாரும் பொட்டு வைத்ததில்லை. அவர் அதை வாங்கி, கனம் பார்த்து, கைப்பிடியை இரண்டு விரலால் பிடிக்கிற மாதிரி லேசாகப் பிடித்துக்கொண்டார். உருளையில் தொட்டி திரும்பியது. விளிம்பு இடுப்புக்கு வந்து நின்றது. முழங்கையை ஒட்டிவைத்தார். தீப்பொறி நேர்க்கோடாக, நீளமாகப் போனது. பட்டறையில் மற்றவர்கள் வேலையை நிறுத்தவில்லை, ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும். அவர் சுவிட்சைத் தள்ளினார். டிஸ்க் முழுசாக நிற்கும்வரை காத்திருந்து, மிஷினை எடுத்துக்கொண்டு டூல் ரூம் ஜன்னலுக்கு வந்தார். மகேஸ்வரி எழுந்து நின்றாள்.

"கை வலிக்குதாண்ணே?"

"கைக்கு ஒண்ணுமில்ல. இது இப்பத்தான் லேசா ஆட ஆரம்பிச்சிருக்குது. டிஸ்க்கா தண்டான்னு பாரு." மிஷினை ஜன்னல் பலகையில் வைத்தார். "நீ பாத்துக்கினு இரு. எனக்கு வேற குடு."

அவள் அலமாரியிலிருந்து மூன்றாம் நம்பரை எடுத்துக் கொடுத்தாள். அவர் நம்பரைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு, விட்ட இடத்துக்குத் திரும்பிப் போனார்.